பெரிய தலை

பிரமாதீச வருஷம், ஆடி 4. அம்பாசமுத்திரம்.

பிள்ளையின் வளர்ச்சியை எழுதி வைக்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவன் பெரியவனாகி ஊர் மெச்சும்போது ஆதாரமாக இருக்குமாம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் வீட்டைப் பற்றி. அவர் இங்கே நடுத்தரப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள், எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை: சங்கரலிங்கம் பிள்ளை. என் பேர் உலகம்மை. வைகாசியில் பிறந்த பிள்ளைக்குக் கைலாசம் என்று பேர். மூத்தாள் விட்டுப்போன பெண் ஆவுடைக்கு வயது பத்து. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள்.

கைலாசம் இன்றைக்கு இரண்டு தடவை பால் கக்கினான். மற்றபடி சுகம். கூழ்வற்றல் போட்டேன். மழை வந்து பாதி நனைந்துவிட்டது.

ஆடி 11

சென்னப்பட்டணத்திலிருந்து நரசிங்க ராவ் என்பவர் வந்து நம் வீட்டில் இறங்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அவரைப் புரொபசர் என்கிறார். கபால சாஸ்திரம் அறிந்தவர். மண்டையைத் தடவிப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவாராம். பீங்கானில் செய்த மொட்டைத் தலை ஒன்றைக் கூடத்தில் வைத்திருக்கிறார். அதன்மேல் வயலுக்கு வரப்புக் கட்டியதுபோலக் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு பாத்திக்குள்ளும் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவியபின் புரொபசர் அந்தச் சாஸ்திரம் பிறந்த கதையைச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனி தேசத்து வைத்தியர் ஒருவர், தன்னோடு பள்ளியில் படித்தவர்களில் கண் பிதுங்கியவர்கள் எல்லாம் பாடத்தை நன்றாக ஒப்பித்ததை நினைத்துப் பார்த்தாராம். அப்படியானால் ஞாபகசக்தி கண்ணுக்குப் பின்னால்தான் குடியிருக்கவேண்டும் என்று தோன்றியதாம். அதிலிருந்து சிறைச்சாலைக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் போய்த் தலை தலையாகத் தடவினாராம். கடைசியில் மூளைக்குள் பக்திக்கு ஓர் அறை, பிள்ளைப்பாசத்துக்கு ஓர் அறை, களவுக்கு ஓர் அறை என்று பாகம் பிரித்துவிட்டாராம். எந்த அறை பெரிதோ அங்கே மண்டை புடைக்கும். கேட்கக் கேட்க எனக்கே என் தலையைத் தடவிப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

பிறகு நம் வீட்டுத் தலைகளைப் பார்த்தார். இவருக்கு நீதியுணர்ச்சி அதிகமாம். இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆவுடைக்கு நெற்றி ஒடுக்கமாம், படிப்பு ஏறாதாம். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறதாம். அந்த இடத்துக்கு என்ன குணம் என்று இவர் கேட்டதும் புரொபசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் எனக்குக் கேட்டது. அழிக்கிற குணமாம். “குழந்தை இருக்கிற வீடு. கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கோ” என்றார்.

கைலாசத்தை மடியில் வாங்கியதும் அவர் பேச்சே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தடவினார். இந்த வயதில் இவ்வளவு பெரிய தலையைத் தான் கண்டதில்லை, இது ராஜ்யம் ஆளுகிற தலை என்றார். இவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஆடி 13

ஆவுடையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியாயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் கைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

ஆடி 26

எனக்குப் பயமாக இருக்கிறது. அரிவாள்மணையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். கீரை நறுக்க வேண்டுமானால் நானே ஏணி போட்டு எடுக்கிறேன்.

ஆவுடை எப்போதும்போலத்தான் இருக்கிறாள். அதுதான் பயம். தம்பியைப் பார்த்துச் சிரிக்கும்போது அவள் காதுக்கு மேலே என் கண் போகிறது. பின்னல் போடும்போது தொட்டுப் பார்த்தேன். இருக்கிறமாதிரியும் இருக்கிறது, இல்லாதமாதிரியும் இருக்கிறது.

இன்று நான் கிணற்றடியில் இருக்கும்போது பிள்ளை வீரிட்டான். ஓடிவந்தால் அவள் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, ஆட்டாமல் சும்மாதான் நின்றேன் என்றாள். கன்னத்தில் அறைந்துவிட்டேன். பிள்ளை அதற்குப் பிறகும் நெடுநேரம் அழுதான். என் இடுப்பில் இருந்தபோதும் அழுதான். அழுகை புதுமாதிரியாக இருந்தது, கத்தியைச் சாணை பிடிக்கிறதுபோல.

ஆவணி 6

போன மாதம் தைத்த குல்லா தலையில் ஏறவில்லை. அவருக்குச் சந்தோஷம்.

ஆவணி 15

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். உச்சிக்குழியில் எண்ணெய் வைப்பது வழக்கம். குழி இருந்தால்தானே வைக்க. அந்த இடம் மேலே எழும்பி, மேளத்தில் கட்டிய தோல்போல விறைத்து நிற்கிறது. நெற்றியில் பச்சை நரம்புகள் ஓடுகின்றன. தோல் மினுமினுக்கிறது.

இவரிடம் சொன்னேன். நாடாவை எடுத்து அளந்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “மூளை வளருது உலகு. வளருத மூளைக்கு எடம் வேண்டாமா?” என்றார். அவருடைய கண்ணில் அவ்வளவு பெருமை. நாலு பேர் இருக்கிற வீட்டில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்றால் தப்பு என்னிடம்தான் இருக்கவேண்டும். முதல் பிள்ளை, எனக்கு என்ன தெரியும்.

ஆவணி 16

பல் வருகிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் அழுகை.

ஆவணி 28

கழுத்து நிற்கவில்லை. இந்த மாதத்துப் பிள்ளைகளுக்கு நிற்கும் என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி பார்க்க வந்தாள். தொட்டிலுக்குள் குனிந்தவள் முகம் மாறி நிமிர்ந்தாள். கண்பட்டுவிடும் என்று நான்தான் முந்தானையால் மூடினேன். அவள் போகும்போது, ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றாள்.

புரட்டாசி 2

ஆவுடை அடுப்பங்கரைக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடித்ததிலிருந்து அவள் என் பக்கத்தில் வருவதில்லை.

“சித்தி, தம்பி மேல பாக்க மாட்டேங்கான்” என்றாள். “கிலுக்க மேல தூக்குனா கண்ணு கீழயே கெடக்கு. முன்னெல்லாம் பாப்பான்.”

தூங்குகிறவனைப் பார்த்துவிட்டு உளறாதே என்று அதட்டினேன். அவள் போனபின் நானே கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு போனேன். கீழே காட்டினால் பார்க்கிறான். மெல்ல மேலே தூக்கினால் கருவிழி வரவில்லை. பொழுது அடைகிறதுபோலப் பாதி விழி கீழிமைக்குள் முங்கியிருக்கிறது. மேலே முழுக்க வெள்ளை. பத்துத் தடவையாவது செய்திருப்பேன். கை நடுங்கி, நான் ஆட்டாமலே கிலுகிலுப்பை சத்தம் போட்டது.

ஆவுடைக்கு நான் பயந்தேனே. அவள் இத்தனை நாளும் தொட்டிலடியில் நின்று என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

புரட்டாசி 3

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று இவரிடம் கேட்டேன். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. மகான்களின் தாய்மார்கள் எல்லாரும் இப்படித்தான் அறியாமல் பயந்தார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். திருநெல்வேலியில் புரொபசர் பிரசங்கம் செய்யப்போகிறார். மேடையில் கைலாசத்தைக் காட்டப்போகிறார்களாம். அதற்கு முன்னால் பிள்ளையின் தலைக்குச் சுண்ணத்தில் அச்சு எடுத்துச் சீமைக்கு அனுப்பப்போகிறார்களாம். நாங்கள் எல்லாருமே போகவேண்டும். ஆவுடையும்.

ஆவுடை எதற்கு என்று கேட்டேன். பெரிய தலைக்குப் பக்கத்தில் சின்னத் தலையைக் காட்டினால்தான் ஜனங்களுக்கு விளங்கும் என்றார். தன் பெண்ணைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். அவள் கூடத்தில்தான் இருந்தாள்.

புரட்டாசி 9. திருநெல்வேலி.

சத்திரத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடிந்ததும் புரொபசர் வந்தார். பேசினில் சுண்ணத்தைக் கரைத்தார். முதலில் பெரியவளுக்கு எடுத்துக் கை பழகிக்கொள்வோம் என்றார். ஆவுடையைப் பாயில் படுக்கவைத்து, முகத்திலும் தலையிலும் எண்ணெய் தடவி, மூக்குத் துவாரத்தில் இரண்டு நாணல் குழல்களைச் சொருகினார்கள். பிறகு கரைத்ததை மேலே ஊற்றினார்கள். கண், வாய் எல்லாம் மறைந்துவிட்டது. இரண்டு குழல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அது இறுகும்போது சூடேறும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. காலை உதறினாள். இவர் காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு குழல் சாய்ந்து வழுகிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, ஆட்டுக்குட்டி சத்தம்போல. பாருங்கள், காதுக்கு மேலே உள்ள குணம் எப்படி வேலை செய்கிறது என்று புரொபசர் இவரிடம் சொன்னார். நான்தான் உடைத்தேன். பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பால் ஓரத்தில் தட்டி, நகத்தால் பிய்த்து எடுத்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தாள். அச்சு பாழாகிவிட்டது என்று புரொபசர் வருத்தப்பட்டார். பரவாயில்லை, சாயங்காலம் பிரசங்கத்துக்கு முன்னால் குழந்தைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இருவரும் மண்டபத்தைப் பார்த்துவரப் போயிருக்கிறார்கள். கைலாசத்தின் மூக்கில் சின்ன விரல்கூட நுழையாது. குழல் எங்கே நுழையும். வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது. ஆவுடை, போயிடலாமா சித்தி என்று கேட்கிறாள்.

அதே நாள், சாயங்காலம். பாளையங்கோட்டை.

வந்துவிட்டோம். வண்டிக்காரரிடம், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பொம்பளை டாக்டர் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னேன். பாலத்தில் போகும்போது எதிரே வந்த ஒவ்வொரு குடையையும் அவர் குடை என்றே நினைத்தேன். ஆவுடை பிள்ளையின் தலையைத் தன் மடியில் வைத்துக் குலுங்காமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் முடியெல்லாம் வெள்ளைக் கட்டி ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா பேர் மேரி சற்குணம். தமிழ்க்காரி, நடுத்தர வயசு. பிள்ளையை வாங்கியதும் அவர் முகத்தைத்தான் நான் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி முகம் எப்படி மாறியதோ அப்படியே மாறியது. எத்தனை மாதமாக என்று கேட்டார். நான், எம் பிள்ளைக்கு மூளை பெருசும்மா, அதான் தலை பெருசா இருக்கு என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் இல்லை என்று சொல்லமாட்டாரா என்றுதான் அத்தனை தூரம் வந்தேன்.

அவர் என் தோளில் கைவைத்தார். “இது மூளை இல்ல தாயி. தண்ணி” என்றார்.

புரட்டாசி 10

அவர் வந்தார். சத்திரத்தில் விசாரித்து, வண்டிக்காரரைப் பிடித்து வந்திருக்கிறார். அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை. ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாய் என்றார். பிள்ளையைக் கொடு என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஆவுடை என் பின்னால் வந்து நின்று சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சத்தம் கேட்டு வந்தார். அவரோடு வாதாடவில்லை. ஒரு அறைக்கு எங்களைக் கூட்டிப்போய், சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைத்தார். நடுப்பகலிலேயே இருட்டாகிவிட்டது. ஒரு விளக்கை ஏற்றி, தகரக் கூட்டால் மறைத்து, வெளிச்சம் ஒரு துளை வழியாக மட்டும் வரும்படி செய்தார். பிள்ளையின் தலைக்குப் பின்னால் அதைக் கொண்டுபோனார்.

கைலாசத்தின் தலை எரிந்தது. அப்படித்தான் எழுதத் தெரிகிறது. நெற்றிப் பக்கமெல்லாம் செக்கச்செவேலென்று, கார்த்திகைக்குக் கட்டுகிற காகிதக் கூடுபோல உள்ளேயிருந்து ஒளி வந்தது. நரம்புகள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. பிள்ளை அழவில்லை. நான் கத்தாமலிருக்கச் சேலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

“சார்வாள், நல்லா பாருங்க” என்றார் டாக்டரம்மா. “உள்ள மூளை நெறைஞ்சிருந்தா வெளிச்சம் இப்படி வருமா?”

அவர் பார்த்தார். டாக்டரம்மா விளக்கை அணைத்துச் சன்னலைத் திறந்த பிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் அந்த அறைகள் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். டாக்டரம்மா பரிகாசம் பண்ணாமல் பதில் சொன்னார். சீமையிலேயே வைத்தியர்கள் அந்தச் சாஸ்திரத்தை எப்போதோ கைவிட்டாயிற்றாம். மண்டையின் மேட்டுக்கும் உள்ளே இருக்கிற மூளைக்கும் பொருத்தமே கிடையாதாம். மூளையில் இடத்துக்கு இடம் வேறு வேலை உண்டு என்பது மட்டும் நிசமாம். அதையும் தலையைத் தடவிக் கண்டுபிடிக்கவில்லை, பேச்சிழந்தவர்கள் செத்தபிறகு மூளையை எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். பிள்ளைக்குத் தண்ணீர் வடிகிற வழி அடைத்திருக்கிறது, ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாம், மறுபடி ஊறும், சில பிள்ளைகளுக்கு ஊறுவது தானாகவே நின்றுவிடும், பல பிள்ளைகளுக்கு நிற்காது என்றார்.

அவர் வராந்தாவில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் தரையில் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

புரட்டாசி 12

உச்சியில் ஊசி போட்டார்கள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கண்ணாடிக் குப்பியில் இருந்ததைப் பிறகு பார்த்தேன். தெளிந்த தண்ணீர். இளநீர்கூட அதைவிடக் கலங்கல்.

மத்தியானம் கண் மேலே வந்தது. என்னைப் பார்த்தானா, உத்தரத்தைப் பார்த்தானா தெரியாது. ஆனால் மேலே பார்த்தான்.

புரட்டாசி 18

மறுபடி ஊறிவிட்டது. மறுபடி ஊசி.

புரட்டாசி 20

காய்ச்சல். உடம்பு வில்லாக வளைகிறது.

புரட்டாசி 21

காய்ச்சல்.

புரட்டாசி 23

இன்று புரொபசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். வாடிப்போயிருந்த பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை, பக்கவாட்டில் தலையைத்தான் பார்த்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லத் தோன்றவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிறகு இவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

ஈசுவர சங்கல்பம் எப்படியோ என்று ஆரம்பித்தார். தண்ணீர் என்று டாக்டர்கள் சொல்லலாம், ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் அந்த இடத்தைத் தேடி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது என்றார். “ஒருவேளை குழந்தை தவறிட்டா, கபாலத்தை மட்டும் எங்க கபால சாஸ்திர சபைக்குக் கொடுத்துடணும். உடம்பை நீங்க எடுத்துக்கலாம். உங்களைப்போல அறிவாளிகிட்டத்தான் இதைக் கேக்க முடியும்” என்றார்.

இவர் பேசவில்லை. அந்த நேரத்தில் நான் பட்ட பயம் இத்தனை மாதத்தில் பட்டதில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கும். பிள்ளையின் தலையைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டேன். அவர் சரியென்று சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பாலத்தைத் தாண்டுவது என்று யோசித்தேன்.

“எம் பிள்ளைக்கு இன்னும் உசுரு இருக்கு” என்றார் இவர். பாடம் நடத்துகிற குரல் இல்லை அது. “நீங்க தலைக்கு வந்திருக்கீங்க.”

புரொபசர் என்னவோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். இவர் பழக்கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்து, வாசல்வரை கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். ஆவுடை அருகே போய் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். அவள் தன்னைக் கண்டு இன்னும் எவ்வளவு நாளைக்குப் பயப்படுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

புரட்டாசி 27

காய்ச்சல் விட்டது. பால் குடித்தான்.

ஐப்பசி 19

ஊசி போட்டு இத்தனை நாளாகியும் உச்சி எழும்பவில்லை. டாக்டரம்மா தினமும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். இன்றைக்குத்தான், வீட்டுக்குப் போகலாம் என்றார். நின்றுவிட்டதா என்று கேட்டேன். இப்போதைக்கு நின்றிருக்கிறது என்றார். பிறகு உட்காரவைத்துச் சொன்னார். மற்றப் பிள்ளைகள்போல வருவான் என்று எதிர்பார்க்காதே. பார்வை மங்கல்தான். நடப்பான் என்று சொல்ல முடியாது. பேச்சும் சந்தேகம். எவ்வளவு காலம் இருப்பான் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

நான் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் எங்களுக்கு எதிரே இருந்தவர்கள் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

மார்கழி 8

ஆவுடை பள்ளிக்கூடம் போகிறாள். போகிறாயா என்று அவர் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றாள். எனக்குப் படிப்பு ஏறாதுல்லா என்றாள். நான்தான் சிலேட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். கணக்கில் தப்பு வந்தால் இன்னும் நெற்றியைக் கையால் மறைத்துக்கொள்கிறாள்.

மாசி 3

காலையில் எழுந்ததும் முதலில் என் கை உச்சியைத் தொடும். தொடுகிறவரைக்கும் மூச்சு விடமாட்டேன். இன்றும் அப்படித்தான். எழும்பவில்லை.

கைலாசத்தை ஆற்றுக்குக் கொண்டுபோகலாம் என்றார் அவர். ஊர் முழுக்கப் படித்துறையில் இருக்கும் நேரம், வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அவரே தூக்கிக்கொண்டார். தலையைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் தாங்கிக்கொண்டு தெருவழியே நடந்தார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. படித்துறையில் பேச்சு நின்றுவிட்டது. துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி ஆவுடையிடம், ஏ பிள்ளா, அவன் தலை ஏன் அப்படி இருக்கு என்று கேட்டாள்.

“தண்ணி கோத்துருந்துச்சு” என்றாள் ஆவுடை. “இப்ப ஊறல.”

அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஆவுடையும் கூடவே இறங்கி, தம்பியின் தலைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். அவர் இடம்விட்டுக் கொடுத்தார். தண்ணீர் காதில் பட்டதும் கைலாசம் முகத்தைச் சுளித்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

இழுப்பு இருக்கிற ஆறு. அவள் கை சின்னக் கை. நான் படியில் பயந்துகொண்டேதான் நின்றேன். ஆனாலும் கரையேறச் சொல்லவில்லை.